கடல் கொண்ட பல்

கல்லடியில் வீட்டைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் உண்டு. வள்ளத்தை, வலையை, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. அவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பல்லைக் கொடுத்தவர் ஒரே ஒருவர். அவர் பேசினார்.

ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், கண்ணகை அம்மன் கோயில் வண்ணக்கர், ஆழிப்பேரலை நினைவேந்தல் குழுத் தலைவர், திருவாளர் கோணாமலை அவர்கள். அழைப்பிதழில் இந்தப் பெயருக்கு மூன்று வரி வேண்டும். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் என்பதால் அதன் பூட்டைத் திறக்கும் திறப்பு எந்நேரமும் அவர் இடுப்பில் இருக்கும்; வாயில் மேல்வரிசைப் பல் மட்டும் இருக்காது. வெறும் ஈறு, வெறும் முரசு. ஒவ்வொரு வருடமும் மார்கழி இருபத்தாறாம் திகதி, அலை வந்த நாளில், ஒலிவாங்கியைப் பிடித்து, மேலுதட்டைச் சற்றே தூக்கிக் காட்டி, "கடல் என்னிடமிருந்து பல்லைத்தான் பறித்தது, சொல்லைப் பறிக்கவில்லை" என்பார். பல் இல்லாததால் 'சொல்லை' என்பது 'ஷொல்லை' என்று காற்றோடு வரும். அந்தக் காற்றுக்கே கண் கலங்கியவர்கள் உண்டு. முன்வரிசையில் இருக்கும் அவர் மனைவி சீதேவிப்பிள்ளைக்கு மட்டும், எல்லோரும் கைதட்டும் அந்த நேரம் பார்த்துக் கைப்பையைத் திறந்து ஏதாவது தேட வேண்டி வந்துவிடும்.

ஏனென்றால் போனது என்னவென்று அவளுக்குத் தெரியும். பொய்ப்பல் போனது மெய். மெய்ப்பல் போனதுதான் பொய்.

மெய்ப்பல் போனது எண்பத்துநாலாம் ஆண்டு, பாடசாலை விளையாட்டுப் போட்டியன்று. சோடாப் போத்தல் திறக்கிற கட்டையைக் காணவில்லை. புதிதாக வந்திருந்த ஆசிரியைமார் தாகத்தோடு நின்றார்கள். இளம் கோணாமலை முன்னுக்கு வந்து மூடியைப் பல்லால் கழற்றிக் காட்டினார். மூன்றாம் போத்தலில் மூடியோடு இரண்டு பல்லும் சேர்ந்து வந்தன. மிச்சத்தை முரசு நோய் ஒவ்வொன்றாக, ஆறுதலாகப் பார்த்துக்கொண்டது. எண்பத்தெட்டில் காத்தான்குடி மஜீட் மேல்வரிசைக்கு ஒரு கட்டுப்பல் செய்து கொடுத்தார். பள்ளி நேரத்தில் அது அதிபரின் வாயில் கடமை பார்த்தது. மற்ற நேரத்தில் குசினி யன்னலில் ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் கிடந்து சிரித்தது.

சுனாமி வந்த காலையிலும் அது கிளாசுக்குள்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, அதிபருக்கு அவசரம் ஒன்றும் இல்லை. "கடல் வருகுது!" என்று தெருவில் குரல் கேட்டதும் ஓடினார். நல்ல ஓட்டம். பக்கத்து வீட்டு மாடிப்படியின் உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தபோதுதான், தன் கையில் கோயில் திறப்பு இருப்பதும் சீதேவியின் கை இல்லாததும் தெரிந்தது. அவள் முற்றத்துத் தண்ணித் தொட்டியின் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நின்றாள். அவரை அண்ணாந்து பார்த்தாள். அவர் ஒரு படி இறங்கினார். பிறகு அதே படியில் ஏறினார். தண்ணீர் வடிந்த பின் அவள் தானாகவே நடந்து மாடிக்கு வந்து, அவருக்குப் பக்கத்தில் இருந்து, சீலைத் தலைப்பைப் பிழிந்தாள். அதைப் பற்றி அவள் ஒரு சொல் பேசவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. பேசியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பொய் பிறந்தது அகதி முகாமில். பத்து நாள் கழித்து ஒரு வெள்ளைக்காரப் பெண் இழப்புகளைப் பதிய வந்தாள். மொழிபெயர்க்கத் தொண்டு நிறுவனத்துப் பையன் விஜிதரன் கூட வந்தான். "என்ன போயிற்று சேர்?" என்று கேட்டான்.

"எல்லாம் போயிற்று தம்பி. வீடு போயிற்று. பல்லும் போயிற்று."

விஜிதரன் அவருடைய வாயைப் பார்த்தான். பக்கத்தில் உயிரோடு இருந்த மனைவியைப் பார்த்தான். நல்ல மனம் உள்ளவன். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டான். அலைக்குள் பாய்ந்து மனைவியைத் தூக்கும்போது கதவு நிலை அடித்து இந்த மனிதருக்குப் பல் கொட்டியது என்று ஆங்கிலத்தில் சொன்னான். வெள்ளைக்காரப் பெண் அழுதாள்.

கோணாமலை இருபத்தெட்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர். அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. வாக்கியத்தில் 'இன்', 'ஒன்' போன்ற ஒரு முன்னிடைச் சொல் பிழை என்றுகூடத் தெரிந்தது. மனதுக்குள் அந்த முன்னிடைச் சொல்லைத் திருத்தினார். கதையைத் திருத்தவில்லை. தலையை மெல்லக் குனிந்தார். அடக்கமானவர் என்று அதையும் எழுதிக்கொண்டார்கள்.

கதை பத்திரிகையில் வந்தது, நிறுவனத்தின் ஆண்டறிக்கை அட்டையில் வந்தது, மேடைக்கு வந்தது. அதோடு அவர் வாய்க்குப் பூட்டு விழுந்தது. மஜீட் ஆள் அனுப்பி, "சேருக்குப் புதுப்பல்லுக் கட்டித் தாறன், வரச் சொல்லுங்க" என்றார். எப்படிப் போவது? வெற்று முரசுதானே பதக்கம்! பதக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு மேடையில் எதைக் காட்டுவது? "இது நினைவுச் சின்னம்" என்று சொல்லி அனுப்பினார். ஐந்து வருடம் பிட்டைப் பாலில் ஊறவைத்துத் தின்றார். சோற்றைக் குழைத்து விழுங்கினார். வாவி நண்டு என்றால் உயிர் அவருக்கு. சீதேவிப்பிள்ளை கிழமைக்கு ஒருக்கா தவறாமல் நண்டுக் கறி வைப்பாள். அவருக்குக் குழம்பை ஊற்றிவிட்டு, எதிரில் இருந்து, காலைக் கடித்து உடைத்து, சத்தமாக உறிஞ்சித் தின்பாள். அவர் ஒன்றும் சொல்ல முடியாது.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் விடிவு வந்தது. சுனாமியிலோ யுத்தத்திலோ பல்லும் தாடையும் இழந்தவர்களுக்கு, கரைந்த தாடை எலும்பை வளர்த்து, அதில் நிலையான பல் நாட்டித்தர வெளிநாட்டு வைத்தியர்கள் இரண்டு கிழமைக்கு நகருக்கு வந்தார்கள். ஒழுங்கு செய்தவன் அதே விஜிதரன். இப்போது அவன் இணைப்பாளர். சேட்டுப் பைக்குள் இரண்டு கைபேசி. வீடு தேடி வந்து சொன்னான்: "முதல் பெயர் உங்கடதான் சேர். உங்களுக்கு இல்லாட்டி வேற ஆருக்கு?"

கோணாமலை அன்று வெகு சந்தோஷமாக இருந்தார். இது கட்டுப்பல் அல்ல. வீரனுக்கு ஊர் உலகம் சேர்ந்து நாட்டுகிற பல். மானமும் போகாது, நண்டும் வரும்.

பாலம் கடந்து நகரத்து வைத்தியசாலைக்கு மனைவியோடு போனார். கணினியில் அவருடைய தாடையின் படத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் டொக்டர் உசாந்தி. சித்தாண்டி ஊர்ப் பிள்ளை, வெளிநாட்டுக் குழுவுக்குத் துணையாக வேலை செய்தவள். சீதேவியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவருக்கு விளக்கினாள்.

"வயல்காரருக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுறன் சேர். பல்லு நிண்டாத்தான் தாடை எலும்பு நிக்கும். பல்லுப் போனா அது வெள்ளம் அரிச்ச வரம்பு மாதிரிக் கரைஞ்சு கொண்டே போகும். கரைஞ்ச வரம்பில ஒண்டும் நட ஏலாது. முதல்ல மண் போட்டுக் கட்ட வேணும். நாங்க எலும்புத் தூள் வைச்சுக் கட்டுவம். உங்கட எலும்பு அதைப் பிடிச்சுக்கொண்டு வளரும். ஆறேழு மாசத்தால நானே அதுக்குள்ள திருகாணி மாதிரி ஒண்டை இறக்கி அதில பல்லைப் பூட்டுவன்."

"என்ன எலும்பு மகள் அது?"

"மாட்டெலும்பு சேர். சுத்தம் செய்து வாறது."

போன வருடக் கோயில் சடங்குக்கு, மாட்டிறைச்சி தின்றான் என்ற ஒரு சொல்லுக்காக மேளகாரன் ஒருவனைக் கோயில் வாசலோடு திருப்பி அனுப்பியவர் வண்ணக்கர் கோணாமலை. இப்போது கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். "பரவாயில்ல. அதை மட்டும் பைலில எழுத வேணாம்" என்றார்.

உசாந்தி பேனையைக் கீழே வைத்தாள். "எழுதாம விட வேண்டியது கூடிக்கொண்டு போகுது சேர்."

"ஏன் மகள்?"

அவள் கணினியைத் திருப்பிக் காட்டினாள். மேல்தாடை கத்தி விளிம்பு போல மெலிந்து கிடந்தது. "அஞ்சு வருஷத்தில இவ்வளவு கரையாது. இது இருபது, இருபத்தஞ்சு வருஷத்துக் கரைவு. அலை அடிச்சு உடைஞ்ச தழும்பும் இல்ல. சுனாமி வந்து அஞ்சு வருஷந்தானே ஆகுது?"

ஐந்து வருடம் ஊரையும் பத்திரிகையையும் நம்பவைத்தவரை அவருடைய சொந்த எலும்பே காட்டிக்கொடுத்துவிட்டது. கோணாமலைக்குக் காது சுட்டது. மேலுதடு தானாகவே இறங்கி மூடிக்கொண்டது.

"நான் ஒண்டும் கேட்கல்ல சேர்," என்றாள் உசாந்தி. அந்த மரியாதைதான் அவரை இன்னும் கூசவைத்தது. "போர்மில 'எப்போது, எப்படி இழந்தீர்கள்' எண்டு ஒரு கோடு இருக்கு. நீங்க என்ன எழுதிறீங்களோ அதுதான். ஆனா ஒண்டு. இந்த முறை உங்களுக்கெண்டு வச்ச ஒரு இடந்தான் மிச்சம் இருக்கு. வெள்ளிக்கிழமை அவங்க போறாங்க. நீங்க இல்லாட்டி, வாகரையில இருந்து வந்து வெளியில இருக்கிற அம்மாவுக்கு. அடுத்த முறை எப்ப எண்டு ஆருக்கும் தெரியாது."

போர்மை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

நடையில் ஆட்கள் இருக்கப் போட்டிருந்த நீள வாங்கில் சீதேவிக்குப் பக்கத்தில் ஒருத்தி இருந்தாள். நாற்பது வயதிருக்கும். சீலைத் தலைப்பால் வாயை மூடியிருந்தாள். அவரைக் கண்டதும் எழும்பி இடம் விட்டாள்.

"இரிங்க சேர். நீங்கதானே கடலுக்குள்ள பாஞ்சு இந்தம்மாவத் தூக்கினது? நாங்க முகாமில கிடக்கக்குள்ள பேப்பரில படம் பார்த்தனாங்க." சொற்கள் ஒரு பக்கமாகச் சரிந்து வந்தன. தலைப்பு விலகியபோது தெரிந்தது, இடது பக்கக் கீழ்த்தாடை உள்வாங்கி, கன்னம் குழியாகக் கிடந்தது. சீதேவியிடம் திரும்பி, "நீங்க குடுத்து வச்சனீங்க அம்மா" என்றாள்.

"ஓம் கா," என்றாள் சீதேவிப்பிள்ளை. "குடுத்துத்தான் வச்சிருக்கன்."

அவள் பெயர் பத்தினிப்பிள்ளை. கையில் அவளுக்கும் ஒரு போர்ம் இருந்தது. "இது இங்கிலீசில கிடக்கு சேர். கோவிக்காம எழுதித் தாறீங்களா?"

மறுப்பதற்கு வழி இல்லை. கோணாமலை கண்ணாடியைப் போட்டு, மடியில் போர்மை வைத்து, பெயர், வயது, ஊர் எல்லாம் முத்து முத்தாக எழுதினார். அந்தக் கோடு வந்தது.

"எப்ப, எப்பிடிப் போனது புள்ள?"

"ரெண்டாயிரத்து ஆறு, கார்த்திகை மாசம். விடியக் காலத்தால செல்லடி. பங்கருக்குள்ள குதிச்சன் சேர்." தலைப்பை இழுத்துக் கன்னத்தை மூடினாள். "புள்ளையள் ரெண்டும் வெளியில. பெரியவள் தம்பியத் தூக்கிக்கொண்டு மரத்தடியில நிண்டவள். நான்தான் முதல் குதிச்சிற்றன். அதுகளுக்கு ஒண்டும் ஆகல்ல, கண்ணகைத்தாய் காத்தா. செல் பங்கர் வாசல்ல விழுந்தது. துண்டு எனக்குத்தான் பட்டது."

கோணாமலையின் பேனை நின்றது. "முழுக்க எழுதத் தேவையில்ல புள்ள. செல் பட்டது எண்டு எழுதினாப் போதும்."

"இல்ல சேர், எழுதுங்க. எப்பிடிப் போனது எண்டுதானே கேட்டிருக்கு? நான் முந்திக் குதிச்சதாலதானே போனது. என்ட புள்ளையளுக்கே தெரியும். டொக்டருக்குத் தெரிஞ்சா என்ன?"

எழுதினார். தாய் முதலில் குதித்தாள் என்று ஆங்கிலத்தில் எழுதினார். அவள் சொன்னதில் திருத்துவதற்கு ஒரு முன்னிடைச் சொல்கூட இருக்கவில்லை. எழுதி முடித்து நிமிரத் துணிவு வராமல் போர்மையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடிப்படி தெரிந்தது. ஒரு படி இறங்கியதும், அதே படியில் ஏறியதும் தெரிந்தது.

"இஞ்சேருங்க," என்றாள் சீதேவி மெல்ல. "உங்கட போர்மில அந்தக் கோடு வெறுமையாக் கிடக்கு."

எழும்பி உள்ளே போனார். கதவைச் சாத்தினார்.

"எண்பத்துநாலு," என்றார் உசாந்தியிடம். "சோடாப் போத்தல்."

"சோடாப் போத்தலா சேர்?"

"மூண்டாம் போத்தல். அந்த இடத்தை அந்தப் புள்ளைக்குக் குடுங்க."

உசாந்தி சிரிக்கவில்லை. குனிந்து எழுதினாள். சிரித்திருக்கலாமே என்று இருந்தது அவருக்கு.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வெளியே வந்தபோது விஜிதரன் கமராவோடு நின்றான். வெளிநாட்டு வைத்தியர் ஒருவர், உதவி கொடுத்த நிறுவனத்துப் பெண்மணி ஒருத்தி, கையில் ஒரு பொன்னாடை. "சேர், சும்மா ஒரு படம். அந்த உதட்டைக் கொஞ்சம் தூக்கினீங்க எண்டா..."

கோணாமலை அவனைச் சுவரோரம் இழுத்தார். "தம்பி, படம் வேணாம்," என்று காதுக்குள் சொன்னார். "என்ட பல்லுச் சுனாமியில போகல்ல. கடலோட போனது கட்டுப்பல்லு. எனக்கு இந்த இடம் வேணாம், அந்த அம்மாவுக்குக் குடுத்தாச்சு."

விஜிதரனின் முகம் வெளிறியது. ஆண்டறிக்கையின் அட்டை அவன் கண்முன் வந்திருக்க வேண்டும். ஆனால் அவன் பழைய மொழிபெயர்ப்பாளன். விழுந்தாலும் பூனை மாதிரிக் காலூன்றித்தான் விழுவான். வெளிநாட்டாரிடம் திரும்பினான். கடலுக்குத் தன் பல்லைக் கொடுத்த இந்தப் பெரிய மனிதர், இன்று தனக்குக் கிடைத்த இடத்தையும் ஓர் ஏழைத் தாய்க்குத் தியாகம் செய்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னான். பெண்மணி நெஞ்சில் கை வைத்தாள். வைத்தியர் கைதட்டினார். பொன்னாடை விரிந்தது.

கோணாமலைக்கு எல்லாம் விளங்கியது. இந்த முறை முன்னிடைச் சொல்லும் சரி. பல்லையும் கொடுத்தவர், இடத்தையும் கொடுத்தவர். அழைப்பிதழில் நாலாவது வரிக்கு இடம் இருக்கிறது. இதில் பாதி உண்மையும்கூட. தலையைக் குனிந்தால் போதும். கழுத்துக்குப் பழக்கந்தானே, அது தன்பாட்டில் குனியத் தொடங்கியது.

குனிந்த கண்ணுக்கு வாங்கு தெரிந்தது. வாங்கில் சீதேவிப்பிள்ளை கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கியிருந்தாள்.

கழுத்து பாதியில் நின்றது.

"பிழை," என்றார் கோணாமலை. வகுப்பில் சொல்லுகிற மாதிரி, ஆங்கிலத்தில், கையை உயர்த்திச் சொன்னார். இலக்கணப் பிழையில்லாமல் நாலு வாக்கியம். போனது பொய்ப்பல். அது ஒரு கிளாசுக்குள் இருந்தது. நான் ஓடிவிட்டேன். என் மனைவி தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டாள்.

யாரும் கைதட்டவில்லை. பொன்னாடையை என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் பெண்மணி அதைத் திரும்ப மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை. விஜிதரன், "சேருக்கு இண்டைக்குச் சுகமில்லப் போல" என்று யாருக்கென்று இல்லாமல் சொன்னான். உண்மையைச் சொன்னால் நெஞ்சு இலேசாகும் என்று கோணாமலை எத்தனையோ காலைக்கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். ஒன்றும் இலேசாகவில்லை. சந்தையில் வேட்டி அவிழ்ந்தவன் போலத்தான் இருந்தது.

பத்தினிப்பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "என்ன சேர் இங்கிலீசில சொன்னீங்க? எல்லாரும் செத்த வீட்டில நிக்கிற மாதிரி நிக்கிறாங்க."

ஆங்கிலத்தில் சொல்வது சுலபம். அது படித்த மொழி. தமிழில் சொல்ல நாக்கு முரசில் ஒட்டிக்கொண்டது. "நான் இவளைத் தூக்கல்ல புள்ள," என்றார். "கடல் வரக்குள்ள நான் ஓடிற்றன். பல்லு அதுக்கு முதலே இல்ல. கட்டுப்பல்லுத்தான் போனது."

பத்தினிப்பிள்ளை சீதேவியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "கடல் வந்தா ஓடத்தானே வேணும்," என்றாள். பிறகு, உண்மையிலேயே விளங்காமல், "அதுக்கேன் சேர் அஞ்சு வருஷம் பல்லில்லாமத் திரிஞ்சீங்க?" என்று கேட்டாள்.

மூன்று வரிப் பட்டமும் சேர்ந்து யோசிக்கத் தொடங்கியது. அதற்குள் உசாந்தி கதவைத் திறந்து, "பத்தினிப்பிள்ளை அம்மா, உள்ளுக்கு வாங்க" என்றாள். அவள் போர்மோடு போனாள். வாயை மூட மறந்து போனாள்.

பஸ் தரிப்பில் வெயில். கோணாமலை உதடு இரண்டையும் இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். தெரிந்தவர்கள் இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள். தலையை மட்டும் ஆட்டினார். மாலைக்குள் கதை பாலம் கடந்துவிடும், இந்த வணக்கம் நாளைக்கு எப்படி இருக்குமென்று நினைத்தார்.

"சீதேவி," என்றார். "காத்தான்குடியில இறங்கி மஜீட்டைப் பார்ப்பமா?"

"ம்."

"அளவு எடுத்து, பல்லு வர ஒரு கிழமை ஆகும்."

"பார்த்திற்று மறுகா மார்க்கெட்டில நண்டு வாங்குவம்," என்றாள் அவள்.

"ஒரு கிழமை ஆகும் எண்டனே."

"அதுக்கென்ன? அதுவரைக்கும் நானே தின்னுறன். பழக்கந்தானே."

பஸ் வந்தது. கோணாமலை முதலில் ஏறப் போனார். மிதிபலகையில் ஒரு கால் வைத்தவர் நின்றார். காலை எடுத்தார். விலகி நின்று, அவள் ஏறுவதற்காக ஐந்து வருடம் பிந்திய தன் கையை நீட்டினார்.

சீதேவிப்பிள்ளை அந்தக் கையைப் பார்த்தாள். அதில் தன் கைப்பையைக் கொடுத்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஏறிப் போனாள்.

அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். மேடைக்கு மேடை அவள் குனிந்து தேடிய பை. அதற்குள் ஒன்றுமே இல்லைப் போல, அவ்வளவு இலேசாக இருந்தது.